எடு வேறு, ‘பிக் அப்’ வேறு

எனக்கு முதல் வேலை கிடைத்தது யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில். மேலாளர் வெளிநாட்டுக்காரர். காலையில் அவரைத் தங்குமிடத்திலிருந்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் நாள் பின்னேரம், வசனத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ‘ஐ வில் பிக் யூ ருமோறோ’ என்றேன். மனிசன் சிரித்துவிட்டு, எந்தக் கிரிக்கெட் ரீமுக்கு என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

நான் சொன்னது, ‘நாளைக்கு உங்களைத் தெரிவு செய்வேன்’ என்று. ‘பிக்’ தனியாக நின்றால் பலவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது. ஆளை ஏற்றிக்கொண்டு வருவதற்கு ‘பிக் அப்’ வேண்டும். அந்த ‘அப்’பை நாங்கள் எல்லோருமே விழுங்கிவிடுகிறோம். “ஸ்ரேஷனுக்கு வந்து என்னைப் பிக் பண்ணு” என்று தமிழுக்குள் ஆங்கிலம் கலந்து கதைத்துக் கதைத்து, ஆங்கிலம் கதைக்க வேண்டிய இடத்திலும் அதே பாதிச் சொல்தான் வாயில் வருகிறது. ஓட்டோ கூப்பிடும் செயலிக்குப் ‘பிக்மி’ என்று பெயர் இருப்பதும் இந்தப் பழக்கத்துக்கு ஒத்தாசை. அது பெயர், அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. வினையாகச் சொல்லும்போதுதான் ‘அப்’ இல்லாமல் முடியாது.

ஆங்கிலம் கதைக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அகராதியைத் திறந்தால் ‘பிக் அப்’ என்பதற்கு ஒரு டசினுக்கு மேல் பொருள் கிடக்கும். அதைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்காதீர்கள். பாடமாக்கியவர்கள் என் மாலை வகுப்புக்கு வருகிறார்கள். பட்டியலை ஒப்புவிப்பார்கள், வசனம் கேட்டால் மேலே பார்ப்பார்கள்.

முதலில் ‘எடு’வை ஒதுக்கி வையுங்கள்

‘பிக் அப்’ என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ‘எடு’ என்பார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் பேச்சில் ‘எடு’ செய்யாத வேலை கிடையாது. கூறைச்சேலை எடுக்கிறோம். போட்டோ எடுக்கிறோம். லீவு எடுக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரத்தில் 9 ஏ எடுக்கிறது. பல் எடுக்கிறோம். வங்கியில் காசு எடுக்கிறோம். இந்த ஆறில் ஒன்றுக்குக்கூட ‘பிக் அப்’ வராது. சேலைக்கு ‘பை’, போட்டோவுக்கும் லீவுக்கும் ‘ரேக்’, 9 ஏக்கு ‘கெற்’, பல்லுக்கு ‘புல் அவுற்’, காசுக்கு ‘வித்ட்றோ’.

அப்படியென்றால் எந்தத் தமிழைப் பிடித்துக்கொள்வது? ‘கொண்டு’ என்ற சொல்லை. இந்த நான்கையும் பாருங்கள்: வரேக்கை பாண் வாங்கிக்கொண்டு வா. தங்கச்சியை ரியூசனால கூட்டிக்கொண்டு வா. அம்மம்மாவைப் பஸ் ஸ்ராண்டில ஏத்திக்கொண்டு வா. தைக்கக் குடுத்த சட்டையை எடுத்துக்கொண்டு வா. தமிழில் வாங்கு, கூட்டு, ஏற்று, எடு என்று நான்கு வினை. ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘பிக் அப்’ ஒன்றே போதும். ஆக, மனதில் தமிழ் வசனம் எழும்போது, ஒரு வினை முன்னால் நின்று அதன் பின்னால் ‘கொண்டு வா’ அல்லது ‘கொண்டு போ’ வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ‘பிக் அப்’ பொருந்தும் வாய்ப்பு அதிகம். முன்னால் வினை இல்லாமல் ‘தண்ணி கொண்டு வா’ என்று வெறுமனே வந்தால் அது ‘பிறிங்’.

சேலைக் கதையையே திரும்ப எடுப்போம். கூறை எடுக்கப் போனால் ஒரு குடும்பமே கடைக்குள் பாதி நாள் உட்கார்ந்திருக்கும்; அதை ‘பிக் அப்’ என்று சொன்னால் கேட்பவருக்கு, பாண் வாங்குகிற மாதிரி போகிற வழியில் நின்று ஒரு கூறையைத் தூக்கிக்கொண்டு வந்தது போலத் தோன்றும். ஆனால் அதே சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்து, அது முடிந்து காத்திருக்கிறது, போய் வாங்கி வர வேண்டும் என்றால் அது அசல் ‘பிக் அப்’. இந்தச் சொல்லில் ஒரு போகிற போக்கு இருக்கிறது. பொருள் அங்கே தயாராகக் கிடக்கிறது, நீங்கள் போகிறீர்கள், எடுத்துக்கொண்டு நகர்கிறீர்கள். அவ்வளவுதான் படம்.

பனங்கூடலும் மாமரமும்

‘பிக்’ எங்கே, ‘பிக் அப்’ எங்கே என்று ஆங்கிலேயருக்கே விளக்கிச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அரை நிமிடம் போதும்.

மாமரத்தில் கறுத்தக்கொழும்பான் தொங்குகிறது. கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு போய் மாங்காய் ஆய்கிறோம். காலையில் சாமிக்குப் பூ ஆய்கிறோம். இந்த ‘ஆய்தல்’தான் ‘பிக்’. காம்பில் இருப்பதைப் பறிப்பது. ‘அப்’ தேவையில்லை.

பனம்பழக் காலத்தில் விடியப்புறம் எழும்பி, மற்றவர்கள் வருவதற்கு முன் பனங்கூடலுக்குள் ஓடினால், இரவில் விழுந்த பழங்கள் கிடக்கும். அவற்றைப் பொறுக்குகிறோம். பவளமல்லிகையை யாரும் ஆய்வதில்லை, அது தானே உதிர்ந்து முற்றத்தில் கிடக்கும், பொறுக்குவோம். இந்தப் ‘பொறுக்குதல்’தான் ‘பிக் அப்’. காற்றுக்கு ஒரு மாங்காய் விழுந்துவிட்டதென்றால் அதற்கும் இனி ‘பிக் அப்’தான்.

தமிழில் ஆய், பொறுக்கு என்று இரண்டு தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலம் ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ‘அப்’பை ஒட்டி வேலையை முடிக்கிறது. நிலத்தில் கிடந்த பேனை, கட்டிலில் அழுகிற குழந்தை, கதிரையில் இருக்கிற பை எல்லாம் இதே கணக்குத்தான். பேனையைப் பொறுக்குவோம், குழந்தையைத் தூக்குவோம், பையை எடுப்போம். அங்கே மூன்றுக்கும் ‘பிக் அப்’.

‘அப்’ எங்கே நிற்க வேண்டும்

இது இலக்கணம். ஒரேயொரு விதி, ஆனால் இதில் பிழைத்தால் காது கூசும்.

பொருளின் பெயரைச் சொன்னால் ‘அப்’ எங்கேயும் நிற்கலாம். ‘பிக் அப் த பாக்’, ‘பிக் த பாக் அப்’ இரண்டும் சரி. பெயருக்குப் பதிலாக அது, அவன், அவள், என்னை, உன்னை என்று வந்தால் அது நடுவில்தான் இருக்க வேண்டும். ‘பிக் இற் அப்’. ‘பிக் ஹேர் அப்’. ‘பிக் மீ அப்’. ‘பிக் அப் இற்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘பிக் அப் யூ’ என்று நாங்கள் மட்டும் சொல்கிறோம்.

பெயர் நீளமாக இருந்தால் ‘அப்’பைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ‘நான் நேற்றுத் தைக்கக் கொடுத்த நீலச் சட்டை’ முழுவதையும் நடுவில் வைத்து, அதற்குப் பிறகு ‘அப்’ போட்டால், கேட்பவர் அது வரும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, காது. எழுத்தில் மூன்று சொல்லாக இருப்பது வாயில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ‘பிக் இற் அப்’ உங்களுக்குப் ‘பிக்கிற்றப்’ என்று கேட்கும். ‘பிக் ஹிம் அப்’ கெதியாகச் சொன்னால் ஹகரம் விழுந்து ‘பிக்கிமப்’. ‘பிக் தெம் அப்’ பல வேளைகளில் ‘பிக்கெமப்’. இறந்த காலத்தில் ‘பிக்ட் அப்’ என்பது ‘பிக்டப்’. சனம் வேகமாகக் கதைக்கிறது, விளங்குதில்லை என்று வகுப்பில் முறைப்பாடு வரும். வேகம் பாதிதான், இந்த ஒட்டல்தான் மீதி. நீங்களும் அழுத்தத்தை ‘அப்’பில் வைத்துச் சொல்லிப் பழகுங்கள். ‘பிக்’கில் அழுத்தினால் அது வேறு சொல்லாகிவிடும், அதைக் கீழே சொல்கிறேன்.

ஆட்களை ஏற்றுவது

புதிதாகக் கதைக்கத் தொடங்குபவருக்கு அதிகம் உதவப் போவது இந்தப் பொருள்தான். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் சீற் போடும்போது, “எங்க ஏறுவீங்கள்?” என்று கேட்பார்கள். அதே கேள்வியை ஒரு வெளிநாட்டு விருந்தாளி உங்களிடம் கேட்டால், ‘வேர் வில் யூ பிக் மீ அப்?’ என்பார். மறுமொழியில் இரண்டு விஷயம் வேண்டும்: இடம், நேரம். இரண்டுக்கும் ‘அற்’ போட்டால் போதும். ‘ஐ வில் பிக் யூ அப் அற் த ஸ்ரேஷன் அற் சிக்ஸ்.’ இடத்துக்கு ‘ஃபுறொம்’ போட்டாலும் பிழையில்லை.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு, சென்னையிலிருந்து வருகிறவர்களை ஏற்றப் போகும் வாகனக்காரர்களுக்கு இந்த வசனம் சோறு போடுகிறது. வாகனம் ஓட்டும் தம்பி ஒருவருக்கு நான் மூன்றே வசனம் எழுதிக் கொடுத்தேன். ‘ஐ ஆம் ஹியர் ரு பிக் யூ அப்’ என்பது வந்ததும் சொல்வது. ‘வேர் ஷுட் ஐ ட்றொப் யூ ஓஃப்?’ என்பது ஏறிய பிறகு கேட்பது. ‘வட் ரைம் ஷுட் ஐ பிக் யூ அப் ருமோறோ?’ என்பது இறக்கும்போது கேட்பது. மூன்றாவதுதான் அடுத்த நாள் ஓட்டத்தையும் பிடித்துத் தரும் என்று அவரே பிறகு கண்டுபிடித்தார்.

‘ட்றொப் ஓஃப்’ இதன் சோடி. ஏற்றுவது பிக் அப், இறக்கிவிடுவது ட்றொப் ஓஃப். இரண்டையும் சேர்த்தே படியுங்கள், விதியும் ஒன்றுதான்: ‘ட்றொப் மீ ஓஃப்’, நடுவில் ‘மீ’.

ஒரு கவனம். ஆளை ‘பிக் அப்’ பண்ணுவதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரோடு பேச்சுக் கொடுத்து ஆசைவார்த்தை காட்டிச் சேர்த்துக்கொள்வது. ‘நேற்று ஒரு பெட்டையைப் பிக் அப் பண்ணினேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்தினால், கேட்பவர் இதைத்தான் நினைப்பார். யார், எங்கே இருந்து என்பதைச் சேர்த்துவிடுங்கள். மச்சாள், ஸ்ரேஷனிலிருந்து. பிரச்சினை தீர்ந்தது.

ரெலிபோனும் எங்கள் ‘கோல் எடு’வும்

தமிழ்நாட்டுக்காரர் ‘போனை எடு’ என்றால், அடிக்கிற போனுக்குப் பதில் சொல் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் ‘அவருக்கு ஒரு கோல் எடு’ என்றால், நீயாக அவருக்கு அழை என்று பொருள். அடிக்கிற போனுக்குப் பதில் சொல்வதற்கும் அதே ‘எடு’தான். ஒரே சொல் இரண்டு முனையிலும் நிற்கிறது. நமக்குள் குழப்பமே வராது, சூழலில் விளங்கிவிடும். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டு போகும்போதுதான் வில்லங்கம்.

‘ஐ ருக் எ கோல் ரு யூ’ என்று என் வகுப்பில் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். ‘ரேக் எ கோல்’ என்ற சொற்றொடர் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் அது வந்த அழைப்பை ஏற்பது. அதாவது நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். நீங்கள் அழைத்தால் அது ‘கோல்’ மட்டுமே. ‘ஐ கோல்ட் ஹிம்.’ எடுக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

அடிக்கிற போனைத் தூக்கிப் பதில் சொல்வதுதான் ‘பிக் அப்’. மேசையில் இருந்த ரெலிபோனில் ரிசீவரைக் கையால் தூக்க வேண்டியிருந்த காலத்துச் சொல் அது. இன்றைக்குத் திரையில் விரலால் இழுத்தாலும் சொல் மாறவில்லை. இங்கே ‘போன்’ என்ற சொல்லையே விட்டுவிடலாம். ‘ஹி இஸ் நொற் பிக்கிங் அப்’ என்றால் போதும். அடிக்குது, ஆள் எடுக்கிறான் இல்லை. நீங்கள் யாரையும் பிக் அப் பண்ணவில்லை, போனைத்தான். அதனால் ‘ஹி டிட் நொற் பிக் மீ அப்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது, சந்தியில் காத்து நின்ற என்னை ஏற்றாமல் போய்விட்டான் என்ற கதையாகிவிடும்.

தானாக ஒட்டிக்கொள்பவை

மழையில் நனைந்தால் எங்களுக்குத் தடிமன் பிடிக்கும். தமிழில் வருத்தம்தான் ஆளைப் பிடிக்கிறது, ஆள் பாவம், சும்மா நிற்கிறார். ஆங்கிலத்தில் தலைகீழ். தெருவில் கிடந்த தடிமனை ஆள்தான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். ‘ஐ பிக்ட் அப் எ கோல்ட்.’ பஸ்ஸில் வரும்போது, பள்ளிக்கூடத்தில், ஆசுபத்திரி வரிசையில் என்று எங்கேயோ இருந்து தொற்றிக்கொண்டு வந்தது என்ற தொனி இதில் இருக்கிறது. ஆகவே தொற்றுகிற வருத்தத்துக்கு மட்டும். சலரோகத்தையும் பிறசரையும் யாரும் ‘பிக் அப்’ பண்ணுவதில்லை.

மொழிக்கும் இதே தொற்று. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

வெள்ளவத்தையில் ஒரு கடையில் நிற்கும் எங்கள் பெடியன் ஆறு மாதத்தில் சிங்களம் கதைப்பான். கொப்பி இல்லை, வாத்தியார் இல்லை. வாடிக்கையாளரோடு, பஸ்காரரோடு கதைத்துக் கதைத்துக் காதில் ஏறியது. இதைப் ‘படித்தேன்’ என்று தமிழில்கூடச் சொல்ல மாட்டோம், ‘பழகினேன்’ என்போம். அந்தப் பழகலுக்கு ஆங்கிலம் ‘பிக் அப்’. ‘ஐ பிக்ட் அப் சம் சிங்களா அற் வேர்க்.’ வகுப்பில் இருந்து படித்தால் அது ‘லேர்ன்’ அல்லது ‘ஸ்ரடி’. ஐஈஎல்ரிஎஸ் பரீட்சைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பேச்சுத் தேர்வில் முதல் நாலைந்து நிமிடம் உங்களைப் பற்றியே கேட்பார்கள். வேறு மொழி தெரியுமா, சமையல் எப்படிப் பழகினீர்கள் என்ற மாதிரிக் கேள்வி வந்தால் இந்தச் சொல் அப்படியே பொருந்தும். அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சமையல் பழகினேன் என்பதை ‘ஐ பிக்ட் இற் அப் ஃபுறொம் மை மதர்’ என்று சொன்னால் போதும், நீட்டி முழக்கத் தேவையில்லை. ஆனால் கணக்கியலையும் பொறியியலையும் ‘பிக் அப்’ பண்ணினதாகச் சொல்லாதீர்கள். படிக்காமலே பட்டம் வாங்கினீர்களா என்று கேட்பார்கள்.

பக்கவாட்டில் ஒன்று: வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் செமினரி தொடங்கிய காலத்திலிருந்து, யாழ்ப்பாணம் ஆங்கிலத்தைப் ‘படித்தே’ வந்திருக்கிறது. இலக்கணப் புத்தகம், சொல்வதெழுதல், கட்டுரை. பிக் அப் பண்ண வாய்ப்புக் குறைவு. இருநூறு வருடமாக நல்ல ஆங்கிலம் எழுதுகிற ஊரில், ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்டால் ஆளை ஆள் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கெட்ட பழக்கம் தொற்றினாலும், ஸ்காபரோவிலிருந்து வந்த மருமகனின் உச்சரிப்பு எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டே கிழமையில் ஒட்டிக்கொண்டாலும் அதே ‘பிக் அப்’.

றேடியோவையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். தொண்ணூறுகளில், போர்க் காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். ‘பிபிசி பிடிக்குதா?’ என்று அடுத்த வீட்டிலிருந்து கேட்பார்கள். அந்தப் ‘பிடிக்குது’தான் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’. காற்றில் கிடக்கும் அலையை றேடியோ பொறுக்கி எடுக்கிறது. இன்றைக்குப் போன் சிக்னலைப் பிடிப்பதற்கும் இதுவே.

தானே எழும்புபவை

இதுவரை ஒருவர் ஒன்றை எடுத்தார். சில வேளை எடுக்கிறவரும் இல்லை, எடுக்கப்படுவதும் இல்லை. மந்தமாகக் கிடந்தது தானே எழும்புகிறது.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காத்து எழும்பினால் பட்டம் ஏறும். அந்தக் ‘காத்து எழும்பீட்டுது’ ஆங்கிலத்தில் ‘த விண்ட் ஹாஸ் பிக்ட் அப்’. நல்லூர்க் கொடியேறி 25 நாள் திருவிழா தொடங்கினால் யாழ்ப்பாணக் கடைகளில் வியாபாரம் சூடு பிடிக்கும். அது ‘பிஸ்னஸ் பிக்ஸ் அப்’. யார் எடுத்தது, எதை எடுத்தது என்று தேடாதீர்கள். வியாபாரம்தான் எழுவாய், செயப்படுபொருள் என்று ஒன்று கிடையாது.

வேகத்துக்கு மட்டும் வேகத்தின் பெயரைச் சொல்வது வழக்கம். ரயில் ஸ்ரேஷனை விட்டு வெளிக்கிட்டு மெல்ல மெல்ல இழுத்து ஓடத் தொடங்கினால் ‘த ட்றெயின் இஸ் பிக்கிங் அப் ஸ்பீட்’.

பெயரானால்

‘அப்’பில் அழுத்தாமல் ‘பிக்’கில் அழுத்தி, இரண்டையும் ஒன்றாக ஒட்டி ‘பிக்கப்’ என்று சொன்னால் அது பெயர்ச்சொல். நாங்கள் ‘டபிள் கெப்’ என்று சொல்கிற மாதிரியான, பின்னால் திறந்த பெட்டி வைத்த வாகனத்துக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் பொதுப்பெயர் பிக்கப். சாப்பாட்டுக் கடையில் ‘பிக்கப்போ டெலிவரியோ’ என்று கேட்டால், நீங்களே வந்து எடுக்கிறீர்களா, கொண்டுவந்து தர வேண்டுமா என்று கேட்கிறார்கள். ‘பிக்கப் பொயின்ற்’ என்றால் பஸ் ஏற்றுகிற இடம்.

மோட்டார் சைக்கிள்காரர் ‘வண்டிக்குப் பிக்கப் இல்லை’ என்று சொல்வதும் ஆங்கிலத்தில் உள்ளதுதான், ஆனாலும் இன்றைக்கு ‘அக்செலறேஷன்’ என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஏ-40 கார்களைப் பார்த்தவர்களிடம் பிக்கப் பற்றிக் கேளுங்கள். புகை பிக்கப் ஆகும், கார் ஆகாது.

மிச்சம் மீதி

கேட்டால் விளங்கினால் போதும் என்ற வகை இவை. நல்லூரடியில் கூட்டாளிமாருடன் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு, ‘காசு நான் குடுக்கிறன்’ என்று பில்லை இழுப்பது ‘பிக் அப் த பில்’. ஐஸ்கிறீம் குடிப்பதை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டு போக வேண்டாம், அங்கே அதைச் சாப்பிடுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்குவதற்கு ‘பிக் அப் வேர் வி லெஃப்ற் ஓஃப்’ என்பார்கள். 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்ரோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது செய்ததும் அதுதான். கனடாவில் இருக்கிற மாமி பிள்ளைகளைப் பார்த்து ‘பிக் அப் யுவர் ரோய்ஸ்’ என்று சத்தம் போட்டால், விளையாட்டுச் சாமானைப் பொறுக்கி ஒதுக்கி வை என்கிறார். ‘பிக் அப் ஒன்’ என்று பின்னால் ஒரு ‘ஒன்’ (on, எண் ஒன்று அல்ல) சேர்ந்தால், சொல்லாமல் விட்டதை ஒருவர் கவனித்துவிட்டார் என்று பொருள். முகத்தைப் பார்த்தே பிள்ளைக்குப் பசி என்று அம்மா கண்டுபிடிப்பாரே, அது.

பழகும் விதம்

ஒரு கிழமைக்கு இதைச் செய்து பாருங்கள். வீட்டில் நீங்களோ மற்றவர்களோ ‘கொண்டு வா’, ‘கொண்டு போ’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் அதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தரம் வரும், எண்ணிப் பாருங்கள். வாய் திறந்து சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது, ‘அப்’பில் அழுத்தத்தோடு. எழுத வேண்டாம். எழுதினால் அது திரும்பவும் பாடமாகிவிடும்.

கிழமை முடிவில் இந்த நாலையும் சொல்லிப் பாருங்கள். நிலத்தில கிடக்குது, அதை எடு. அவையை ஏழு மணிக்கு ஏத்து. மாமரத்தில மாங்காய் ஆஞ்சனாங்கள். நேற்று உனக்குக் கோல் எடுத்தன், நீ எடுக்கேல்லை.

முதலாவது ‘பிக் இற் அப்’, ‘இற்’ நடுவில். இரண்டாவது ‘பிக் தெம் அப் அற் செவின்’. மூன்றாவதில் ‘அப்’ போட்டவர்கள் மாமரத்தடிக்குத் திரும்பப் போக வேண்டும்; அது காம்பிலிருந்து பறித்தது, ‘வி பிக்ட் மாங்கோஸ்’. நாலாவதில் இரண்டு ‘எடு’ இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல: ‘ஐ கோல்ட் யூ யெஸ்ற்றடே, பட் யூ டிடின்ற் பிக் அப்.’